அடிபட்டவரின் இடத்தில் நின்றவர்

1972-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, மயாமி நகரின் ஆரஞ்சு பவுல் மைதானத்தில், டால்ஃபின்ஸ் அணியின் பிரதான ஆட்டக்காரரான பாப் கிரீஸி, சான் டியேகோ அணியின் தடுப்பாளர்கள் மேலே வந்து விழுந்ததில் கால் எலும்பு முறிந்து, கணுக்காலும் பிசகி, ஆட்டத்தை விட்டு அகற்றப்பட்டார். அவருக்குப் பதிலாக உள்ளே இறங்கியவர் ஏர்ல் மோரல்: வயது 38, ஒட்ட வெட்டிய கிராப்பு, அவர் ஊழியம் பார்த்த அணிகளில் மயாமி ஆறாவது. பால்டிமோர் அணி வேண்டாமென்று விடுவித்த அவரை, அந்த ஆண்டுதான் மயாமி 100 டாலர் கட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் டால்ஃபின்ஸ் ஆடிய 17 ஆட்டங்களிலும் வென்றது. சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டி வரை ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் பெற்ற அணி, அமெரிக்கக் கால்பந்து லீகில் அந்தப் போட்டி நடந்துவரும் காலத்தில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அந்த 17-இல் 11 ஆட்டங்களைத் தொடங்கி நடத்தியவர் மோரல். ஆனால் அந்த அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் ரசிகர் வாயில் முதலில் வருவது கிரீஸியின் பெயரும் பயிற்சியாளர் டான் ஷூலாவின் பெயருமே. மோரலின் பெயர் ‘அவரும் இருந்தார்’ என்ற அளவில் பின்னால் வந்து சேரும். இது அநியாயமா, நியாயமா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது, அடிபட்ட நட்சத்திரத்துக்கு ஈடாக நிற்கும் ஒருவரை எந்தப் பிரமாணத்தைக் கொண்டு மதிப்பிடுவது என்னும் பொதுக் கேள்விக்கும் விடை தரும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை கொஞ்சமே. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிவதும், ஏந்துவதும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுமே பிரதானமான காரியங்கள். பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறியாக வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேரும் கைகள் குவார்ட்டர்பேக் என்பவருடையவை. எதிரே நிற்கும் தடுப்பின் அமைப்பைப் படித்து, யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்பதை ஏறக்குறைய மூன்று விநாடிகளுக்குள் தீர்மானிப்பவர் அவர். பந்தை ஏந்த வேண்டியவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வந்து சேரப்போகும் இடத்தை உத்தேசித்துப் பந்தை விட்டுவிடுவதும் அவர் தொழிலில் சகஜம்.

இத்தகைய ஸ்தானத்துக்கு ஒரு மாற்று ஆட்டக்காரரை வைத்திருப்பது எல்லா அணிகளுக்கும் வழக்கம். கிரிக்கெட்டில் பதிலாளாக வருபவர் பெரும்பாலும் பந்து பொறுக்குவதோடு சரி. மட்டையும் அவர் கையில் இல்லை, பந்துவீச்சும் இல்லை. இங்கேயோ, உள்ளே வந்த கணத்திலிருந்து ஆட்டத்தின் முழுப் பாரமும் அவர் தலைமேல் ஏறிவிடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பாரத்தைச் சுமப்பதற்கு வேண்டிய ஒத்திகை அவருக்குக் கிடைப்பதில்லை. வாரம் முழுவதும் முதல் வரிசை வீரர்களோடு பழகுபவர் நட்சத்திரம். மாற்று ஆட்டக்காரருக்கோ, அடுத்து மோதப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்து, எதிரணியின் ஆட்டங்களை ஆடிக் காட்டித் தம் அணியின் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே பிரதான வேலை. அதாவது, தம்முடைய பாடத்தை விடப் பிறருடைய பாடத்தையே அவர் அதிகம் ஒப்பிக்கிறார். பந்தை எழுப்புவதற்கு முன் குவார்ட்டர்பேக் கூவும் சங்கேத ஒலியின் தாளத்துக்கு முன்வரிசை வீரர்களின் செவி பழகியிருக்கும். குரல் மாறினால் அரை விநாடி முந்தியோ பிந்தியோ அசைந்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். இந்த அற்பங்கள் சேர்ந்துதான் ஒரு முயற்சியைக் கெடுக்கின்றன.

மோரலின் கதை 1972-இல் தொடங்கியதன்று. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1956-ஆம் ஆண்டுத் தேர்வில் இரண்டாவது ஆளாக ஸான் பிரான்ஸிஸ்கோ அணி அவரைப் பொறுக்கி எடுத்தது என்பதைக் கொண்டு, அவரிடம் எத்தகைய எதிர்பார்ப்பு இருந்தது என்பதை ஊகிக்கலாம். ஆனால் பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், நியூயார்க் என்று அணி அணியாக மாறி, இடையிடையே பிரதான ஸ்தானத்தில் அமர்ந்தும், பெரும்பாலும் வேறொருவருக்குப் பின்னால் காத்திருந்தும், 12 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1968 பருவத்துக்குச் சற்று முன்னர் பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை வாங்கியது. அங்கே பிரதான ஸ்தானத்தில் இருந்தவர் ஜானி யுனைட்டஸ். முந்தைய ஆண்டுதான் லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றவர். அந்தக் காலத்து ரசிகர் பலருக்கு அவருக்கு மேல் ஒரு குவார்ட்டர்பேக் பிறக்கவில்லை என்பதே சித்தாந்தம். பருவம் தொடங்குமுன் நடந்த கடைசி வெள்ளோட்டத்தில் யுனைட்டஸின் முழங்கை கெட்டது. 34 வயது மோரல் அந்த இடத்தில் நின்றார். கோல்ட்ஸ் 14 ஆட்டங்களில் 13-ஐ வென்றது. தன்னைத் தோற்கடித்த ஒரே அணியான கிளீவ்லாந்தை லீக் பட்டத்துக்கான ஆட்டத்தில் அதன் ஊருக்கே சென்று 34-0 என்று துடைத்தெடுத்தது. சிறந்த ஆட்டக்காரர் விருது அந்த ஆண்டு மோரலுக்குக் கிடைத்தது.

அடுத்து நிகழ்ந்ததுதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1969 ஜனவரி 12-ஆம் தேதி, அதே ஆரஞ்சு பவுல் மைதானத்தில் நடந்த மூன்றாவது சூப்பர் பவுலில், பந்தயக்காரர்கள் 18 புள்ளி வித்தியாசத்தில் வெல்லுமென்று கணித்திருந்த கோல்ட்ஸ், ஜோ நாமத் தலைமை தாங்கிய நியூயார்க் ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றது. மோரல் 17 முறை எறிந்ததில் 6 மட்டுமே தம்மவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 3 எதிரிகள் கையில் அகப்பட்டன. அவற்றுள் மூன்றாவதை மட்டும் இங்கே கூர்ந்து நோக்குவோம். முதற்பாதியின் கடைசி முயற்சி. ஜெட்ஸ் 7-0 என்று முன்னிற்கிறது. மோரல் பந்தை டாம் மாட்டீயிடம் கொடுக்கிறார். மாட்டீ ஓடப்போவதுபோல் பாவனை செய்து, திரும்பிப் பந்தை மோரலுக்கே எறிகிறார். தடுப்பாளர்கள் ஏமாந்து முன்னே வந்துவிட்டதால், இடப்பக்கம் எல்லைக்கோட்டருகே ஜிம்மி ஆர் தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. மோரல் அவரைப் பார்க்கவில்லை. நடுவில் ஜெர்ரி ஹில் என்பவருக்கு எறிந்த பந்தை ஜெட்ஸின் ஜிம் ஹட்ஸன் பறித்துக்கொண்டார். இடைவேளை நிகழ்ச்சிக்காக நீலச் சீருடையில் காத்திருந்த பாண்டு வாத்தியக்காரர்களின் நிறத்தோடு ஆரின் நீலச் சட்டை கலந்துவிட்டது என்று பிற்பாடு ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அந்த ஆட்டம் ஆருக்கென்றே வகுக்கப்பட்டது. அதே தந்திரம் அந்தப் பருவத்தில் முன்பே பலித்தும் இருந்தது. ஆகையால் பிழை மோரலுடையதுதான். அதை மழுப்ப வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆனால் அந்த ஒரு பிழைக்கு அன்று முதல் விதிக்கப்பட்டுவரும் தண்டனையின் அளவுதான் யோசிக்கத் தக்கது. பிற்பாதியில், குணமாகாத கையோடு யுனைட்டஸ் இறக்கப்பட்டார். அவரும் 24 முறை எறிந்து 11-ஐத்தான் சேர்ப்பித்தார். அவருடைய பந்தும் ஒன்று எதிரிகள் கையில் அகப்பட்டது. கோல்ட்ஸ் எடுத்த ஒரே டச் டவுன் (எதிரணியின் இறுதிக் கோட்டைப் பந்தோடு கடப்பது) ஆட்டம் முடியும் தறுவாயில் வந்தது. ஜெட்ஸின் மாட் ஸ்னெல் 121 கஜம் ஓடியதற்கும், கோல்ட்ஸின் தடுப்பாளர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் மோரல் எவ்விதத்திலும் பொறுப்பாக மாட்டார். இருந்தும், பருவம் முழுவதும் வந்த வெற்றிகளுக்கு, 14 ஆட்டங்களில் 144 புள்ளிகளே விட்டுக்கொடுத்த தடுப்பு அணியைக் காரணம் சொன்ன அதே மனிதர்கள், ஒரே ஒரு தோல்விக்கு மோரலைக் காரணம் சொன்னார்கள். மாற்று ஆட்டக்காரரின் கணக்குப் புத்தகம் எங்கும் இப்படித்தான் எழுதப்படுகிறது: வரவு அணியின் பேரில், செலவு அவர் பேரில். நட்சத்திரத்துக்கு இந்த விதி தலைகீழாகப் பிரயோகமாவதையும் கவனிக்கலாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1971 ஜனவரி 17-ஆம் தேதி, அதே மைதானத்தில் ஐந்தாவது சூப்பர் பவுல். இம்முறை யுனைட்டஸ் ஆட்டத்தின் நடுவிலேயே விலாவில் அடிபட்டு வெளியேற, மீண்டும் மோரல் இறங்கினார். கோல்ட்ஸ் டாலஸ் அணியை 16-13 என்று கடைசி 5 விநாடிகள் இருக்கையில் அடித்த ஓர் உதையால் வென்றது. அன்று அவர் 15 எறிந்து 7 சேர்ப்பித்தார், ஒன்றைப் பறிகொடுத்தார். ஆட்டமோ இரு தரப்பிலும் பிழைகள் மலிந்தது. சிறந்த ஆட்டக்காரர் விருதே தோற்ற அணியைச் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று. அந்த வெற்றி மோரலால் வந்தது என்று சொல்வது எவ்வளவு மிகையோ, முந்தைய தோல்வி அவரால் வந்தது என்பதும் ஏறக்குறைய அவ்வளவு மிகையே. ஆனால் முதலாவது வாக்கியத்தைச் சொன்னவர் சிலர். இரண்டாவதைச் சொன்னவர் பலர்.

இனி 1972-க்குத் திரும்பலாம். அந்தப் பருவத்தில் மோரல் 150 முறை எறிந்து, 83-ஐச் சேர்ப்பித்து, 1360 கஜமும் 11 டச் டவுனும் ஈட்டினார், 7-ஐப் பறிகொடுத்தார். அவர் நடத்திய ஆட்டங்களைக் கொண்டு வகுத்தால், ஆட்டத்துக்குச் சுமார் பதினைந்து எறிதல்தான் வரும். டால்ஃபின்ஸின் பலம் ஓட்டத்தில் இருந்தது: லாரி சோங்கா 1117 கஜமும், மெர்குரி மோரிஸ் 1000 கஜமும் ஓடினார்கள். ஓர் அணியில் இருவர் ஒரே பருவத்தில் ஆயிரத்தை எட்டியது அதுவே முதல் தடவை. (மோரிஸின் கணக்கு முதலில் 991 என்றே முடிந்தது. ஓர் ஆட்டத்தில் மோரல் பின்னோக்கி விட்ட பந்து தவறியதால் வந்த 9 கஜ நஷ்டம் மோரிஸ் பேரில் எழுதப்பட்டிருந்ததைப் படச்சுருளைப் பார்த்துத் திருத்திய பிறகே ஆயிரம் நிறைந்தது. எழுத்தர் பேனா எவ்வளவு சுலபமாகப் பாரத்தை ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாற்றுகிறது!) ஆகவே, மோரலிடம் அணி கேட்டது அற்புதம் அன்று, எறிய வேண்டிய இடத்தில் எறிவதும், எறியக் கூடாத இடத்தில் அடங்கி இருப்பதுமே. எறிந்தபோதோ அவர் சராசரி 9 கஜத்துக்கு மேல் ஈட்டினார். பயந்துபயந்து குறும்பந்து எறிந்து காலம் தள்ளும் ஆள் அவர் அல்லர் என்பதற்கு அது சாட்சி.

டிசம்பர் 31-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டத்தில், இடைவேளையின்போது கணக்கு 7-7. குணமடைந்திருந்த கிரீஸியை ஷூலா பிற்பாதியில் இறக்கினார். கிரீஸி பால் வார்ஃபீல்டுக்கு 52 கஜம் எறிந்து ஆட்டத்தின் போக்கை மாற்றினார். மயாமி 21-17 என்று வென்றது. இறுதிப் போட்டியைத் தொடங்கியவரும் கிரீஸியே. தோல்வியறியாத மனிதரை இறுதிப் படியில் உட்கார வைத்தது கொடுமை என்று சொல்பவர் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. ஷூலா முந்தைய ஆட்டங்களின் தொகையைப் பார்க்கவில்லை, அன்றைய முற்பாதியைப் பார்த்தார், அணி தேங்கி நிற்பதைக் கண்டார், மாற்றினார். 1969-இல் இதே மோரலை மாற்றுவதற்கு மூன்றாம் பகுதி முடியும் தறுவாய் வரை காத்திருந்து கெட்டவர் அவரே என்பதையும் நினைவில் கொண்டால், இந்தத் தீர்மானத்தின் நிதானம் விளங்கும். அதற்கும் மேலாக ஒன்று: பால்டிமோரின் பயிற்சியாளராக இருந்து, மோரலோடு சேர்ந்து அந்தத் தோல்வியை விழுங்கிய ஷூலா, மயாமிக்குப் போன பின் தேடி எடுத்த மாற்று ஆட்டக்காரர் மோரலே. ஒருவரை மிக அருகில் இருந்து, அதுவும் அவருடைய மிக மோசமான நாளில் பார்த்தவர், மறுபடியும் அவரையே தேர்ந்தெடுக்கிறார் என்றால், அதைவிடப் பலமான நற்சாட்சிப் பத்திரம் இந்தத் தொழிலில் எழுதப்படுவதில்லை.

எண்களை மட்டும் நம்புவோருக்கு ஒரு வார்த்தை. எறிபவரின் தரத்தை அளக்க 1973-இல் லீக் ஒரு சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. எறிந்தவற்றுள் சேர்ந்தவை எத்தனை வீதம், எறிதலுக்கு எத்தனை கஜம், டச் டவுன் எத்தனை வீதம், பறிகொடுத்தவை எத்தனை வீதம் என்ற நான்கையும் கூட்டி வருவது அது, உச்சவரம்பு 158.3. இதன்படி மோரலின் 1968 பருவம் 93.2. நியூ இங்கிலாந்து அணியின் சரித்திரத்தில் இந்தச் சூத்திரம் படும் பாட்டைப் பாருங்கள். 2001 செப்டம்பரில் ட்ரூ பிளெட்ஸோ மார்பில் பலத்த அடி வாங்கி, உள்ளே ரத்தப்பெருக்கு ஏற்பட்டு விழுந்தபோது, தேர்வில் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி என்ற இளைஞர் அவர் இடத்துக்கு வந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய எண் 86.5. ஏழு ஆண்டுகள் கழித்து, 2008-இன் முதல் ஆட்டத்திலேயே பிரேடி முழங்கால் கெட்டு விழுந்தபோது, கல்லூரிக் காலம் முழுவதும் பிறர் பின்னால் உட்கார்ந்திருந்து, பள்ளிப் பருவத்துக்குப் பின் குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் தொடங்கியிராத மாட் காஸல் வந்தார்; அவருடைய எண் 89.4. சூத்திரத்தை வேதவாக்காகக் கொண்டால் காஸல் மேலானவர் என்று முடியும். உலகம் அறிந்த கதை வேறு.

காஸல் வந்த அணி முந்தைய பருவத்தில், இறுதிச் சுற்றுகளுக்கு முன் ஆடிய 16 ஆட்டங்களையும் வென்று 589 புள்ளிகள் குவித்த அணி. அவர் கையில் அதுவே 11 வெற்றியும் 410 புள்ளியும் எடுத்தது. வெறும் 11 என்ற தொகையைப் பார்ப்பவர் பாராட்டுவார். 589 எப்படி 410 ஆயிற்று என்று கேட்பவர் சற்று யோசிப்பார். கான்ஸாஸ் சிட்டி அணி முதல் வகை. அது காஸலை வாங்கி 6 ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. முதல் ஆண்டு 4 வெற்றி, 12 தோல்வி. 2010-இல் அவர் 27 டச் டவுன் எறிந்து அணியை மேலே கொண்டுவந்தார் என்பதையும் மறைக்கலாகாது. ஆனால் 2012-இல் அணி 2 ஆட்டம் மட்டுமே வென்றது. மறு ஆண்டு அவரை அனுப்பிவிட்டார்கள். ஓர் அணி என்ற வாகனத்தின் வேகத்தைச் சாரதியின் திறமையாகக் கணக்கிட்டு விலை கொடுத்ததன் பலன் அது.

நிக் ஃபோல்ஸின் திருஷ்டாந்தம் இன்னும் விசித்திரமானது. 2017 டிசம்பர் 10-ஆம் தேதி பிலடெல்ஃபியாவின் கார்ஸன் வென்ட்ஸ் முழங்கால் கெட்டு விலகிய பின் அவர் வந்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் டாலஸுக்கு எதிராக 11 எறிந்து 4 சேர்ப்பித்தார், மொத்தம் 39 கஜம். ஊரே கையைப் பிசைந்தது. ஐந்து வாரம் கழித்து, 2018 பிப்ரவரி 4-ஆம் தேதி சூப்பர் பவுலில் அதே மனிதர் 43 எறிந்து 28 சேர்ப்பித்து, 373 கஜமும் 3 டச் டவுனும் ஈட்டி, போதாக்குறைக்குத் தாமே ஒரு டச் டவுன் பந்தை ஏந்தி, 41-33 என்று பிரேடியின் அணியை வீழ்த்தினார். எந்த ஃபோல்ஸ் உண்மையானவர்? இருவருமே. இடையில் நிகழ்ந்தது, பயிற்சியாளர்கள் அவருக்குப் பழக்கமான, தடுப்பாளர் ஒருவரின் அசைவைப் பார்த்து ஓட்டமா எறிதலா என்று நொடியில் முடிவு செய்யும் ஆட்டங்களை அதிகமாகச் சேர்த்துத் திட்டத்தை அவர் உடம்புக்குத் தக்கபடி தைத்தது. அந்தப் பயிற்சியாளர்கள் டக் பீடர்ஸனும் ஃபிராங்க் ரைக்கும். இருவருமே தம் காலத்தில் மாற்று ஆட்டக்காரர்கள். 1993 ஜனவரியில், அடிபட்ட ஜிம் கெல்லிக்கு ஈடாக நின்று, 35-3 என்று பின்தங்கியிருந்த பஃபலோ அணியை 41-38 என்று வெற்றிக்குக் கொண்டுவந்தவர் ரைக். பெஞ்சில் உட்கார்ந்தவனின் கஷ்டம் அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு 2019-இல் ஜாக்ஸன்வில் அணி ஃபோல்ஸுக்கு 4 ஆண்டுக்கு 8 கோடியே 80 லட்சம் டாலர் எழுதிக் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு முறிந்து, அவருக்கே ஒரு மாற்று ஆட்டக்காரர் தேவைப்பட்டார்.

ஆகையால் வெற்றித் தொகையும் சூத்திர எண்ணும் ஒரு பருவ அளவில் தீர்ப்புக்குப் போதா. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியது, அவரிடம் ஒப்படைக்கப்பட்ட காரியம் என்ன, அதை அவர் செய்தாரா என்பது. நட்சத்திரம் செய்திருக்கக் கூடியதை அவர் செய்தாரா என்பதன்று. அடுத்தது, எதிரணிகள் அவருடைய ஆட்டத்தைப் படத்தில் பார்த்துப் பழகிய பின், அதாவது நான்கைந்து வாரங்களுக்குப் பின், அவர் என்ன ஆகிறார் என்பது. வந்த புதிதில் ஜொலித்துப் பின் மங்கியவர்கள் அநேகர். பயிற்சியாளர் மறைத்துக் காப்பாற்ற முடியாத தருணங்களும் உண்டு: மூன்றாவது முயற்சி, இன்னும் எட்டு கஜம் போக வேண்டும், எறியப்போகிறார் என்பது மைதானம் முழுவதற்கும் தெரியும். அந்தச் சமயத்தில் அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தால் நூறு புள்ளிவிவரம் சொல்லாததை அது சொல்லும். மோரல் இந்த மூன்று பரீட்சைகளிலும் இரண்டு வெவ்வேறு அணிகளில் தேறினார். மூன்றாவதில் 1969-இல் ஒரு நாள் மட்டும் தவறினார்.

21 பருவங்கள் அவர் ஆடினார். 2014-இல் காலமான பின் அவருடைய மூளையைப் பரிசோதித்தவர்கள், தலையில் திரும்பத் திரும்பப் படும் அடியால் வரும் நோயின் மிக முற்றிய நிலையை அதில் கண்டார்கள். பிறர் அடிபட்டதால் வாய்ப்புப் பெற்றவர் தாமும் சேதமில்லாமல் திரும்பவில்லை. ஒஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரில் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு கீர்த்தி மண்டபம் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரராகத் தொடங்கியவர்களும் அதில் உண்டு. 1999-இல் அடிபட்ட டிரென்ட் கிரீனுக்கு ஈடாக வந்த கர்ட் வார்னர் 2017-இல் அங்கே சேர்க்கப்பட்டார். ஆனால் அவர் அப்போது மாற்று ஆட்டக்காரர் அல்லர். அந்த நிலையைக் கடந்து நட்சத்திரமாகிவிட்டவர். கடைசிவரை மாற்று ஆட்டக்காரராகவே நின்று, அந்தத் தொழிலை அதன் எல்லைக்குள்ளேயே பூரணமாகச் செய்தவருக்கென்று அந்த மண்டபத்தில் அளவுகோல் கிடையாது. அப்படி ஒரு வரிசை வகுப்பதானால் முதல் ஸ்தானம் ஏர்ல் மோரலுக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. யுனைட்டஸ் 1979-லும், கிரீஸி 1990-லும், ஷூலா 1997-லும் அந்த மண்டபத்துக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள்; மோரல் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.